தம்பி பங்கு அரிசி

முத்தியால்பேட்டை
4-11-1954

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி காசிலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நான், ரஞ்சிதம், குழந்தை சந்திரகலா மூவரும் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அவரையே எழுதச் சொல்.

சுங்கச் சாவடியை எடுத்துவிட்டார்கள் அக்கா. திங்கட்கிழமையிலிருந்து கண்டமங்கலம் ரோட்டில் வண்டியை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்க்க ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறியதை நான் எங்கள் நகரசபை மேரி ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் பிறப்பு இறப்புப் பதிவில் ஒரு பெண் குழந்தையை எழுதினேன். இத்தனை வருஷம் எழுதிய அதே பிரெஞ்சில்தான் எழுதினேன். இனிமேல் எந்த மொழியில் எழுதுவது என்று இன்னும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆடியில் நீ அனுப்பிய வண்டி சாவடியோடு திரும்பிப் போனதிலிருந்து இங்கே கடை அரிசிதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் நிலத்தில் விளைந்து, நீ அவித்து, நீ கட்டின மூட்டையை அவிழ்த்தால்தான் எனக்கு வீட்டில் அரிசி இருக்கிற மாதிரி இருக்கிறது. 'தம்பி பங்கு' என்று நான் கேட்டதில்லை. நீயாக ஒதுக்கிப் பழக்கிவிட்டாய். ரஞ்சிதம், "தையில் புது அரிசி வந்தாப் போதும், இப்ப எதுக்கு அவங்களுக்குச் செரமம்" என்கிறாள். நீ வண்டி கட்டு. இந்தத் தடவை எவன் திருப்பி அனுப்புகிறான் பார்ப்போம்.

உன் தம்பி
காசிலிங்கம்


கோலியனூர்
14-11-1954

சிரஞ்சீவி காசிலிங்கத்துக்கும் சௌபாக்கியவதி ரஞ்சிதத்துக்கும் ஆசீர்வாதம். கொளஞ்சி சொல்லச் சொல்ல ராமலிங்கம் எழுதுவது. எனக்கு முழங்கால் தேவலை. மகன் அரிகிருஷ்ணன் விழுப்புரத்துக்கு நடந்து போய்ப் படித்து வருகிறான்.

உன் பங்கு நான்கு மூட்டையையும் இன்று விடியற்காலை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆடியில் சாவடிக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டதை உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையிலேயே மூட்டைகளை இறக்கி வைத்திருந்தோம். கொளஞ்சி போன வாரம் பிரித்துக் காயவைத்து, புடைத்து, மறுபடி கட்டியிருக்கிறாள். சமைப்பதற்கு முன்னால் நீங்களும் ஒருமுறை வெயிலில் போடவேண்டுமாம். அதை மறக்காமல் எழுதச் சொல்கிறாள்.

அதற்குப் பிறகும் ஏதோ சொல்ல வந்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, முடிச்சிடுங்க" என்றாள். முடித்துவிட்டேன்.

இப்படிக்கு
ராமலிங்கம்


முத்தியால்பேட்டை
3-12-1954

மதிப்புக்குரிய அண்ணிக்கு ரஞ்சிதம் நமஸ்காரம் செய்து எழுதுகிறேன். உங்கள் ஆசியால் மூவரும் நலமாக இருக்கிறோம். அண்ணனுக்கும் அரிகிருஷ்ணனுக்கும் எங்கள் அன்பு.

அரிசி பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் மூட்டையை அவரே அவிழ்த்தார். அடியில் கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. மற்றபடி சிறிது பழுப்பு, சிறிது வாசனை. ஆறு தண்ணீர் விட்டுக் கழுவி வடிக்கிறேன். வெயிலில் போடச் சொன்னீர்கள். பத்து நாளாக இங்கே வெயிலே இல்லை. காற்றும் மழையுமாக இருக்கிறது. துணியே காயவில்லை.

அவர் இரண்டு வேளையும் அதைத்தான் சாப்பிடுகிறார். சந்திரகலாவுக்கு வயிறு சரியில்லாததால் அவளுக்கு மட்டும் தனியாகக் கடை அரிசி வடிக்கிறேன். எனக்கும் அதிலேயே ஆகிவிடுகிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. உங்கள் ஊர்ப்பக்கம் அறுப்புக்கு மழை விட்டுக்கொடுக்கும் என்று நம்புகிறேன்.

அன்புள்ள
ரஞ்சிதம்


கோலியனூர்
22-12-1954

சௌபாக்கியவதி ரஞ்சிதத்துக்குக் கொளஞ்சி சொல்லி ராமலிங்கம் எழுதுவது. நாங்கள் நலம். குழந்தைக்கு வயிறு தேறிவிட்டதா?

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கொளஞ்சி இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னாள். வாசனை போகவில்லை என்றால் அந்த அரிசியை மாட்டுக்கு வைத்துவிடுங்கள் என்கிறாள். தை பிறந்ததும் புது நெல்லை அவித்து அனுப்புகிறாளாம். நல்ல அரிசியை எதற்கு மாட்டுக்கு வைப்பது என்று நான் கேட்டேன். "எழுதுங்கன்னா எழுதுங்க" என்று கோபித்துக்கொள்கிறாள். எனக்குத் தெரிந்து அவள் அரிசியைக் கொட்டச் சொல்வது இதுதான் முதல் தடவை. உடம்புக்குத்தான் ஏதோ என்று நினைக்கிறேன். கழிச்சல் வந்து ஏழு கோழியும் போனதிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறாள்.

காசிலிங்கத்துக்கு என் ஆசீர்வாதம்.

ராமலிங்கம்


முத்தியால்பேட்டை
29-1-1955

அண்ணிக்கும் அண்ணனுக்கும் ரஞ்சிதம் அவசரமாக எழுதுவது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று நினைத்தோம். பிறகு கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். பத்து நாளில் வயிறு உப்பி, வேட்டி கட்ட முடியவில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். மறுநாளே மறுபடி சேர்ந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு நாளா குடிக்கிறார்?" என்று கேட்டார். அவர் தீபாவளிக்குக்கூடத் தொடாதவர் என்றேன். டாக்டர் நம்பவில்லை. ஈரல் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. மிச்சச் சோற்றுக்கு வாசலில் கிடக்குமே, அந்த நாய் பொங்கலுக்கு முன்பே செத்துப்போனது. அதற்கும் வயிறு உப்பியிருந்தது.

அவர் உங்களையே கேட்கிறார். "அக்கா வந்தா சரியாப்பூடும்" என்கிறார். உடனே புறப்பட்டு வாருங்கள்.

ரஞ்சிதம்


கோலியனூர்
12-4-1955

ரஞ்சிதத்துக்கும் குழந்தை சந்திரகலாவுக்கும் ராமலிங்கம் எழுதுவது.

முன்பு எழுதும் தலைப்பை எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும். காரியம் முடிந்து ஊர் வந்ததிலிருந்து கொளஞ்சி யாரோடும் பேசுவதில்லை. சாப்பாடு ஒரு வேளைதான். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். காசிலிங்கத்துக்குச் சாகிற வயதா, முப்பத்தெட்டு.

புது அரிசி இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறாள். இதை அவளே ஒருத்தியாக அவித்தாள், அவளே காயவைத்தாள். அரிகிருஷ்ணனைக்கூடக் களத்துப் பக்கம் விடவில்லை. தம்பி இல்லாவிட்டாலும் தம்பி பங்கு உண்டு, வருஷா வருஷம் வரும் என்று சொல்லச் சொன்னாள்.

இன்னொன்று. பழைய மூட்டையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறாள். இருந்தால் யாருக்கும் கொடுக்காமல் குழிவெட்டிக் கொட்டிவிட வேண்டுமாம்.

குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

ராமலிங்கம்


முத்தியால்பேட்டை
3-5-1955

அண்ணிக்கு ரஞ்சிதம் எழுதுவது. நானும் சந்திரகலாவும் இருக்கிறோம். அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் தையல் மிஷின் ஒன்று வைத்துக்கொண்டேன்.

பழைய மூட்டையில் மிச்சம் எதுவும் இல்லை. புது அரிசி வந்து சேர்ந்தது.

மேரி ஆபீசில் அவர் சாவைப் பதிந்த தாளை வாங்கி வந்தேன். அவர் பக்கத்து மேசைக்காரர்தான் எழுதியிருக்கிறார். பேர், வயது, தெரு, நாள், மணி எல்லாம் இருக்கிறது. எதனால் செத்தார் என்று எழுத அதில் இடமே இல்லை. பிரெஞ்சுக்காரர் வழக்கம் அப்படியாம். அவரும் எத்தனையோ பேருக்கு அப்படித்தானே எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்து வந்தேன்.

மூட்டைகள் இருந்த மூலைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இருந்தும் வானம் மூடினால் அந்த மூலையிலிருந்து அதே வாசனை வருகிறது. சந்திரகலா தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறாள்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

ரஞ்சிதம்


கோலியனூர்
6-12-1961

ரஞ்சிதத்துக்கும் சந்திரகலாவுக்கும் ராமலிங்கம் ஆசி கூறி எழுதுவது. எனக்கு வயதாகிவிட்டது, எழுத்து ஆடுகிறது. மற்றபடி குறையில்லை. ஆறேழு வருஷமாக நம்மிடையே கடிதம் என்றால் 'அரிசி வந்து சேர்ந்தது' என்ற உன் ஒற்றை வரி கார்டுதான். அதில் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இப்போது எழுதுவது நல்ல விஷயத்துக்கு. அரிகிருஷ்ணனுக்கு இருபத்துநாலு முடிகிறது. விழுப்புரத்தில் மின்சார ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சந்திரகலா முறைப்பெண். போன வருஷம் திருவிழாவில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பையனுக்கு மனம் இருக்கிறது. தையில் பேசி முடித்துக்கொள்ளலாமா?

கொளஞ்சியிடம் இதைச் சொன்னபோது, "அவ குடுப்பாளான்னு கேட்டுப் பாருங்க" என்றாள், அவ்வளவுதான். அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்
ராமலிங்கம்


முத்தியால்பேட்டை
10-1-1962

அண்ணன் அவர்களுக்கு ரஞ்சிதம் வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சந்திரகலாவை அந்த வீட்டுக்குக் கொடுப்பதற்கு இல்லை. அரிகிருஷ்ணன்மேல் ஒரு குறையும் இல்லை. காரணம் கேட்க வேண்டாம்.

ரஞ்சிதம்


கோலியனூர்
2-4-1962

ரஞ்சிதத்துக்குக் கொளஞ்சி எழுதுவது. நீ சுகமா. குழந்தை சுகமா.

இது என் சொந்தக் கையெழுத்து. பிழை இருக்கும். எங்கள் ஊரில் சாயங்காலம் முதியோர் பள்ளி வைத்தார்கள். மூன்று வருஷம் போனேன். இந்த வயதில் எதுக்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் போனேன். எழுதுவது அவருக்குத் தெரியாது. நானே தபால் பெட்டியில் போடப்போகிறேன்.

நீ காரணம் கேட்காதீர்கள் என்று எழுதினாய். எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் உன்னைச் சொல்ல வைக்கக்கூடாது.

அந்த வருஷம் எல்லையை மூடப்போகிறார்கள் என்று ஆனியில் பேச்சாக இருந்தது. தம்பிக்கு அதற்குள் அனுப்ப வேண்டும் என்று அவசரப்பட்டேன். அவித்த நெல் சரியாகக் காயவில்லை. பாதி ஈரத்தோடு அரைத்து மூட்டை கட்டினேன். வண்டி திரும்பி வரும்போது மழை. மூட்டையை மண் தரையில் இறக்கினோம், சுவரோடு சேர்த்து. அந்தச் சுவரின் மறுபக்கம் மாட்டு மூத்திரம் ஓடும் வாய்க்கால். மூன்று மாதம். தம்பி கடிதம் வந்த பிறகுதான் பிரித்தேன். கை வைத்தால் உள்ளே சூடாக இருந்தது ரஞ்சிதம். வெளியே மழை, மூட்டைக்குள் சூடு. நடுவில் பச்சையும் கறுப்புமாகப் பாளம் பாளமாக இருந்தது. அந்தப் பாளத்தை உடைத்துக் கோழிக்குப் போட்டேன். மிச்சத்தைக் காயவைத்துத் தவிடு போகத் தேய்த்தேன். பார்க்க நன்றாகத்தான் ஆயிற்று. வண்டி போன நாலாம் நாள் முதல் கோழி விழுந்தது.

எங்கள் குதிரில் நல்ல அரிசி இருந்தது. அதைக் கொடுத்திருக்கலாம். அப்போது உயிரோடிருந்த மாமியாரிடம் கேட்க வேண்டும். கேட்டால், உன் தம்பி பங்கை நீயே பூசணம் பூக்க விட்டாயா என்று நாலு பேர் முன்னால் கேட்கும். அதற்கு வெட்கப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டு அனுப்பினேன்.

மாட்டுக்கு வைக்கச் சொல்லி எழுத வைத்தேன். ஏன் என்று எழுத வைக்கவில்லை.

போன மாசம் பள்ளிக்குக் கிராம சேவக் கலியபெருமாள் வந்து தானியம் வைக்கிற விதம் சொன்னார். நெல்லைப் பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். மூட்டையைப் பலகைமேல் வைக்க வேண்டும், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. பிறகு சீமையில் ஒரு சங்கதி நடந்ததாகச் சொன்னார். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஆயிரக்கணக்கில் வான்கோழி ஈரல் கெட்டுச் செத்ததாம். அந்தப் பூசணத்துக்குள் ஒரு விஷம் இருக்கிறதென்று இப்போதுதான் கண்டுபிடித்தார்களாம்.

நான் எழுந்து கேட்டேன். "கழுவினாப் போவாதாங்க?" என்றேன். "போவாதும்மா. பூசணம் போயிடும், விஷம் நிக்கும்" என்றார். "வேகவச்சா?" என்றேன். "வேகவச்சாலும் முழுசாப் போவாதுன்னுதான் எழுதியிருக்காங்க" என்றார். "அரிசிக்கும் அப்படித்தானா?" என்றேன். "நம்மூரு அரிசிக்கு யாரும் பார்க்கல. இருக்கும்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கினால் வண்டி திரும்பி வருகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் வாசலில் ஒன்றும் இருக்காது. பகலிலும் கேட்கிறது. சாப்பாடு போடும்போது வரிசையில் ஒரு இலை அதிகமாகப் போட்டுவிடுகிறேன். அவர் பேசாமல் எடுத்து வைத்துவிடுவார்.

பெண்ணைக் கேட்டு எழுதவில்லை. கொடுக்காதே. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கொளஞ்சி


கோலியனூர்
30-7-1962

என் கண்ணான சந்திரகலாவுக்கு அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி துணைக்கு வந்து படுக்கிறாளா?

தையல் துணி வாங்க விழுப்புரம் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். நான் வந்தது உன் அத்தை வீட்டுக்கு. ஏப்ரலில் அத்தை எனக்கு எழுதிய கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. பிறகு இதைப் படி.

படித்துவிட்டாயா? மூன்று மாதமாக அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் பஸ் ஏறிவிட்டேன்.

நான் போனபோது அத்தை களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தது. மெலிந்து பாதியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் துடுப்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது.

"அண்ணி, கடுதாசி வந்துது" என்றேன்.

"தெரியும். மூணு மாசமாச்சு."

"எழுத முடியல. அதான் வந்தேன்."

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தது. அந்த அறையில் மூட்டைகள் பலகைமேல், சுவரைத் தொடாமல் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம். நான் உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் அப்புறம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

"மாட்டுக்கு வைங்கன்னு நீங்க எழுதின கடுதாசிய அவருக்குப் படிச்சுக் காட்டினேன் அண்ணி. 'எங்க அக்கா கட்டின மூட்டைய மாட்டுக்கு வைக்கிறதா'ன்னு சிரிச்சாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். ஆனா எனக்கும் கொழந்தைக்கும் மொத நாள்லேருந்து கடை அரிசிதான் வடிச்சேன். அந்தச் சோறு அவருக்கு மட்டும்தான்."

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தது. "அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வாசனை பிடிக்கல. கொழந்த வயித்துக்கு ஆவாதுன்னு தோணுச்சு. பெரியவங்களுக்கு என்னா ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றது அத்தை.

வெளியே மாமா யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது.

இன்னொன்றையும் சொன்னேன். அப்பா போன பிறகு வருஷா வருஷம் அத்தை அனுப்பிய அரிசி நம் வீட்டு உலையில் ஒருநாளும் விழவில்லை. அதை யாருக்கும் கொடுக்கவும் எனக்குப் பயம். விடிகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் எடுத்துப்போய் வைத்திக்குப்பத்தில் கடலில் கொட்டினேன். மீன் வாங்கப் போவதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அங்கே வலைக்காரப் பெண்கள், "என்னாம்மா, நேத்திக்கடனா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

நான் முதலில் சொன்னதைத் தாங்கிக்கொண்ட அத்தை இதைத் தாங்கவில்லை. "ஒரு பருக்ககூட வாயில போடலியா?" என்று கேட்டது. "ஒவ்வொரு படியா பொறுக்கினேன் ரஞ்சிதம். ஒவ்வொரு மூட்டைக்கும் பத்து இடத்துல கடிச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டுவேன். ஏழு வருசமா நீங்க ரெண்டு பேரும் திங்கிறீங்கன்னு நெனச்சுத்தான் நானும் தின்னேன்" என்று சொல்லி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதது. அப்பா செத்த அன்று அத்தை இப்படி அழவில்லை.

மத்தியானம் அதுவே சமைத்தது. இலை போட்டுப் பரிமாறியது. சோறு வெள்ளையாக இருந்தது, ஆவி வந்தது. எந்த வாசனையும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பிசைந்த கை வாய்க்குப் போகவில்லை. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு என் எதிரே உட்கார்ந்து, என் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கியது. அதன் பிறகு நான் சாப்பிட்டேன். நான்கு நாளாக ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் நடக்கிறது. முதல் பிடி அத்தைக்கு, மிச்சம் எனக்கு. ஏன் என்று மாமா கேட்கவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது இரண்டு காரணத்துக்காக. பத்து வயதில் உனக்கு வயிற்றில் எந்த நோயும் இல்லை சந்திரகலா. அது நான் சொன்ன பொய். உனக்குத் தனியாக வடிக்கத் தெரிந்த எனக்கு, அப்பா தட்டை இழுத்து வைக்கத் தெரியவில்லை. அவர் நோய் அரிசியால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில்தான் நான் இத்தனை நாள் இருந்தேன்.

இரண்டாவது, அரிகிருஷ்ணன். உன்னைக் கேட்காமலே நான் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இனி நான் சொல்லப்போவதில்லை. இந்த வீட்டுக்கு வருவதா என்று நீ சொல். உன் பதில் வரும்வரை இங்கேதான் இருப்பேன்.

அம்மா


முத்தியால்பேட்டை
18-8-1962

அன்புள்ள அம்மாவுக்குச் சந்திரகலா எழுதுவது. நான் நலம். அஞ்சலாட்சி அக்கா துணைக்கு வருகிறார்கள். ஊர் முழுவதும் இரண்டு நாளாகக் கொடியும் தோரணமும்தான். இப்போதுதான் புதுச்சேரி சட்டப்படி நம் கைக்கு வந்ததாம். ஆபீசுகளுக்கு விடுமுறை. பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அத்தானைப் பற்றி. அவர் நல்லவர், எனக்கும் பிடிக்கும். திருவிழாவில் நாங்கள் பேசியதை மாமா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் நான் அந்த வீட்டுக்கு வந்தால் என் தட்டிலிருந்தும் அத்தை தினம் ஒரு பிடி எடுத்துத் தின்று பார்க்கும். எனக்குப் பிறக்கும் குழந்தையின் தட்டிலிருந்தும் எடுக்கும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது அம்மா. வேண்டாம் என்று நானே அத்தானுக்கு எழுதிவிட்டேன். உன்மேல் பழி இல்லை. நர்சு படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, நீ எழுதியதைப் படித்த பிறகு நானும் சொல்லாமல் இருக்கக் கூடாது. எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் வயிறு தெரியாதா? ஏன் தனிச்சோறு என்று உன்னைக் கேட்டால் நீ கோபிப்பாய் என்று கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் நீ கிணற்றடியில் இருந்தாய். நானும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா என் தட்டைப் பார்த்தார். "ஏம்மா, ஒன் சோறு மட்டும் இவ்ளோ வெளுப்பா இருக்கு?" என்று கேட்டார். "அம்மா எனக்குத் தனியா வடிக்கிறாங்க. அவங்களும் இதான் சாப்புடுறாங்க" என்றேன். அப்பா கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிணற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு என் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். "நல்லா இருக்கு. நீ இதையே சாப்புடு" என்றார். "நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லாத. அத்தைக்கும் தெரிய வாணாம், மனசு கஷ்டப்படும்."

நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்று நானும் ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்புறம் அவர் தன் தட்டை அருகில் இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.

உன் மகள்
சந்திரகலா